30/60/15: கலிபோர்னியாவில் முதல் கார் இன்சூரன்ஸ் எடுப்பவர்களுக்கு

கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்து முதல் கார் வாங்கும் யாராவது போன் செய்தால், என்ன கார், எத்தனை மைல் ஓடியது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒன்று கேட்பேன்: "இன்சூரன்ஸ்ல லயபிலிட்டி எவ்வளவு போட்டிருக்கீங்க?" பெரும்பாலும் வரும் பதில், "ஃபுல் கவரேஜ்தான் அண்ணா."

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஃபுல் கவரேஜ் என்று இங்கே பேச்சுவழக்கில் சொல்வது, நம் கார் மோதி நசுங்கினால் சரிசெய்யும் கொலிஷனும், திருட்டு, தீ, மேலே மரம் விழுவது போன்றவற்றுக்கான காம்ப்ரிஹென்சிவும் பாலிசியில் இருக்கின்றன என்பதைத்தான். நாம் இன்னொருவரை இடித்துவிட்டால் அவருக்குக் கம்பெனி எவ்வளவு வரை கொடுக்கும் என்பது தனிக் கணக்கு. அது லயபிலிட்டி என்ற தலைப்பில் மூன்று எண்களாக இருக்கும். ஃபுல் கவரேஜ் பாலிசியிலும் அந்த மூன்று எண்கள் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமாகவே இருக்கலாம். கார் லோன் கொடுத்த வங்கியும் இதைக் கண்டுகொள்ளாது. அவர்களுக்கு அவர்கள் பணம் போட்ட கார் பத்திரமாக இருந்தால் போதும். லீஸ் எடுத்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். பல லீஸ் கம்பெனிகள் 100/300/50 (இந்த எண்களின் பொருளைக் கீழே சொல்கிறேன்) இருந்தால்தான் சாவியைக் கொடுக்கும்.

ஊரிலிருந்து வரும் நமக்கு இது உறைக்காமல் போவதற்கு நியாயமான காரணம் உண்டு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டப்படி எடுக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மேல்வரம்பு கிடையாது. லைசென்ஸ், ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால், தீர்ப்பாயம் எவ்வளவு இழப்பீடு கொடுக்கச் சொல்கிறதோ அதைக் கம்பெனி கட்டும். அடுத்தவர் சொத்துக்கு வரும் சேதத்துக்கு மட்டும் காருக்கு 7.5 லட்சம் ரூபாய் என்று ஒரு வரம்பு. அதனால் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டே பழகிவிட்டோம். அமெரிக்காவில் "எவ்வளவு வரைக்கும் இருக்கு?" என்று கேட்க வேண்டும். அந்த எவ்வளவைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். அதற்கு மேல் போனால் உங்கள் கைக்காசு.

முதல் வேலை: டெக்லரேஷன்ஸ் பக்கத்தை எடுங்கள்

பாலிசி வாங்கியதும் ஒரு நீளமான பிடிஎஃப் வரும். அதன் முதல் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு டெக்லரேஷன்ஸ் பேஜ் என்று பெயர்; ஏஜென்ட்டுகள் டெக் பேஜ் என்பார்கள். காரில் வைத்துக்கொள்ளும் இன்சூரன்ஸ் கார்டு வேறு, இது வேறு. பல கார்டுகளில் லிமிட் இருக்காது, டெக் பேஜில் கட்டாயம் இருக்கும். இன்னும் வாங்கவில்லை, ஆன்லைனில் கோட் (கம்பெனி சொல்லும் விலை மதிப்பீடு) மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பணம் கட்டும் பட்டனுக்கு முன்னால் கவரேஜ் விவரம் என்று ஒரு பகுதி வரும். அங்கே நின்றுகொள்ளுங்கள்.

பாடிலி இஞ்சுரி லயபிலிட்டி என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும், 30,000 / 60,000 என்பதைப் போல. அடுத்து ப்ராபர்ட்டி டேமேஜ் லயபிலிட்டி என்ற வரியில் ஓர் எண், 15,000. மூன்றையும் சேர்த்து ஆயிரத்தை உதிர்த்துவிட்டு 30/60/15 என்பார்கள்.

30 என்பது, உங்களால் காயமடைந்த ஒருவருக்குக் கம்பெனி கொடுக்கும் உச்சம். 60 என்பது, ஒரே விபத்தில் எத்தனை பேர் காயமடைந்திருந்தாலும் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் உச்சம். 15 என்பது அடுத்தவர் கார், வேலி, கடைச் சுவர், மின்கம்பம் என நீங்கள் சேதப்படுத்திய எல்லாப் பொருளுக்கும் சேர்த்து. கம்பத்தை இடித்தால் நகராட்சியிடமிருந்து பில் வரும், அதுவும் இந்த 15-க்குள்தான் அடங்க வேண்டும்.

சில பாலிசிகளில் இப்படிப் பிரிக்காமல் 300,000 என்று ஒரே எண் இருக்கும். அதற்குக் கம்பைன்ட் சிங்கிள் லிமிட் என்று பெயர். காயமோ பொருளோ, எல்லாவற்றுக்கும் ஒரே பானை. கிடைத்தால் நல்லதுதான்.

உங்களுக்கும் உங்கள் காருக்கும் இந்த மூன்று எண்களில் இருந்து ஒரு டாலர்கூட வராது. இது முழுக்க எதிராளிக்கானது.

இரண்டாவது: ஒரு விபத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஃப்ரீமான்ட்டில் மௌரி அவென்யூ சிக்னல், மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு டெஸ்லா நிற்கிறது. உங்கள் கண் ஒரு விநாடி நேவிகேஷனுக்குப் போகிறது. பிரேக் அடிக்கும்போது தாமதம். நீங்கள் டெஸ்லாவை இடிக்க, அது நகர்ந்து அதற்கு முன்னால் நின்ற ஹோண்டாவை இடிக்கிறது. டெஸ்லாவில் கணவன், மனைவி, பின்சீட்டில் ஒரு குழந்தை.

எண்களை உதாரணத்துக்காக நானே போடுகிறேன். கணவனுக்குக் கழுத்தெலும்பில் அறுவை சிகிச்சை, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், வலிக்கான இழப்பீடு எல்லாம் சேர்த்து 70,000 டாலர். மனைவிக்கு 20,000. குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் எமர்ஜென்சியில் பரிசோதித்ததற்கு 5,000. டெஸ்லாவைச் சரிசெய்ய 22,000. ஹோண்டாவுக்கு 9,000.

உங்களிடம் இருப்பது 30/60/15. கணவனுக்குக் கம்பெனி 30,000 கொடுத்து நின்றுவிடும். மனைவிக்கு 20,000, குழந்தைக்கு 5,000 முழுதாகக் கிடைக்கும். மொத்தம் 55,000. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 60-ல் இன்னும் 5,000 மிச்சம் இருக்கிறதே, அதைக் கணவனுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்க முடியாது. தலைக்கு 30 என்ற வரம்பு முதலில் பூட்டிவிடும். முதல் எண்ணைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பலர் நடு எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

கணவனுக்குப் பாக்கி 40,000. கார்களுக்கு 31,000 ஆயிற்று, கம்பெனி கொடுப்பது 15,000, பாக்கி 16,000. ஆக 56,000 டாலர் உங்கள் தலையில். இதே விபத்தில் 100/300/100 இருந்திருந்தால் பாக்கி ஒன்றும் இல்லை.

70,000 என்பது மிகையாகத் தோன்றலாம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே சராசரியாக 30,000 டாலர் அளவில் ஆகும் என்று ஹெல்த்கேர் டாட் கவ் என்ற அமெரிக்க அரசின் இணையதளமே சொல்கிறது. தலைக்கு 30 என்ற உங்கள் வரம்பு அந்த மூன்று நாளிலேயே தீர்ந்துவிடும்.

சட்டம் கேட்பது எவ்வளவு?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கலிபோர்னியாவில் 1967-லிருந்து குறைந்தபட்சம் 15/30/5-ஆகவே இருந்தது. ஐயாயிரம் டாலருக்குள் அடுத்தவர் காரைச் சரிசெய்ய வேண்டிய நிலை, 2024 முடியும் வரை. 2022-ல் நிறைவேறிய சட்டத்தின்படி 2025 ஜனவரி 1 முதல் அது 30/60/15. 2035-ல் 50/100/25 ஆகும்.

மாநிலம் மாறினால் எண் மாறும். டெக்சாஸில் 30/60/25. வர்ஜீனியாவில் 2025-லிருந்து 50/100/25. ஃப்ளோரிடா விசித்திரமானது: பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு அங்கே அடுத்தவர் காயத்துக்கான லயபிலிட்டி கட்டாயமே இல்லை, பொருள் சேதத்துக்கு 10,000-மும் சொந்த மருத்துவச் செலவுக்கு 10,000-மும் இருந்தால் போதும். வேலை மாறி மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள், பழைய பாலிசியை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காமல் புது மாநிலத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். நெவாடா வழியாக ஒரு வாரம் சுற்றுலா போவதற்குக் கவலை வேண்டாம். அந்த மாநிலத்தின் குறைந்தபட்சம் உங்களுடையதைவிட அதிகமாக இருந்தால், பாலிசி தானாகவே அந்த அளவுக்கு உயரும்படி பொதுவாக எழுதியிருப்பார்கள்.

மூன்றாவது: வரம்பைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"என்கிட்ட என்ன இருக்கு? வாடகை வீடு, பழைய கொரோலா. என்னிடம் எதை வாங்குவார்கள்?" என்று ஒரு வாதம் எல்லோரிடமும் உண்டு. நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். சம்பளம் இருக்கிறதே.

நடப்பது இதுதான். விபத்து நடந்த அன்று எதிராளி "ஐ ஆம் ஓகே" என்று சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போயிருப்பார். சில மாதம் கழித்து வக்கீலிடமிருந்து கடிதம் வரும். கலிபோர்னியாவில் காயத்துக்காக வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆகவே அமைதியாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வழக்கு வந்தால் உங்களுக்காக வாதாட வக்கீல் வைப்பது இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. வழக்கமான சொந்தக் கார் பாலிசிகளில் அந்த வக்கீல் செலவு உங்கள் லிமிட்டில் கழியாது. இது பெரிய நிம்மதி.

ஆனால் கோரிக்கை லிமிட்டைத் தாண்டும் போலிருந்தால், கம்பெனியிடமிருந்து உங்களுக்கே ஒரு கடிதம் வரும். என் நண்பர் ஒருவருக்கு வந்ததை அவர் சமையலறை மேஜையில் வைத்து வாசித்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம்தான். இந்தக் கோரிக்கை உங்கள் பாலிசி வரம்பை மீறக்கூடும், மீறும் தொகைக்கு நீங்களே பொறுப்பு, விரும்பினால் உங்கள் செலவில் தனி வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தது. அவர் மனைவி அதை மூன்று முறை படித்துவிட்டு, "நாமதான் மாசாமாசம் கட்டுறோமே, அப்புறம் என்ன?" என்று கேட்டார். மேஜையில் இருந்த யாரிடமும் பதில் இல்லை. அவர்களுடைய லிமிட் அன்றைய குறைந்தபட்சமான 15/30/5. கடைசியில் எதிர்த்தரப்பு லிமிட் தொகைக்கே ஒப்புக்கொண்டு முடிந்தது. பெரும்பாலான வழக்குகள் அப்படித்தான் முடியும் என்றாலும், முடியும் வரை எட்டு மாதம் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஒப்புக்கொள்ளாமல் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டால், கலிபோர்னியாவில் அந்தத் தீர்ப்பு பத்து வருடம் உயிரோடு இருக்கும், புதுப்பிக்கவும் முடியும். சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடிக்கலாம், வங்கிக் கணக்கைத் தொடலாம். இன்று உங்களிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஐந்து வருடம் கழித்து வீடு வாங்க டவுன் பேமென்ட் சேர்த்து வைத்திருப்பீர்கள், தீர்ப்பு அப்போதும் இருக்கும்.

நான்காவது: எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே கம்பெனியில், ஒரே நாளில், மூன்று கோட் எடுங்கள்: 30/60/15, 100/300/100, 250/500/100. மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஆறு மாத பிரீமியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

வரம்பு மூன்று மடங்கு ஆனால் பிரீமியமும் மூன்று மடங்கு ஆகும் என்று பயந்துதான் பலர் பார்ப்பதே இல்லை. அப்படி ஏறாது. விபத்துகளில் பெரும்பாலானவை சின்னவை, முதல் சில ஆயிரம் டாலரிலேயே முடிந்துவிடுபவை. கம்பெனிக்கு அதிகம் செலவு வைப்பது அந்த அடிப்பகுதிதான். மேலே உள்ள பகுதி அபூர்வமாகத்தான் பயன்படும் என்பதால் அதன் விலை மலிவு. நீங்கள் ஓட்டிய அனுபவம், பின்கோடு எல்லாவற்றையும் பொறுத்து வித்தியாசம் மாறும், அதனால்தான் உங்கள் கோட்டை நீங்களே எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

என் கருத்து இது: 100/300/100-க்குக் கீழே போகாதீர்கள். இருவரும் சம்பாதிக்கும் வீடு, சேமிப்பு, ஆபீஸில் கொடுத்த பங்குகள் என்று கொஞ்சம் இருந்தால் 250/500/100. பணம் இடிக்கிறது என்றால் உங்கள் காருக்கான டிடக்டிபிளை (சேதத்தில் முதலில் உங்கள் கையிலிருந்து கட்டும் தொகையை) 500-லிருந்து 1,000 ஆக்கி, அதில் மிச்சமாவதை லயபிலிட்டியில் போடுங்கள். கொஞ்சம் வயதான காராக இருந்தால் கொலிஷன் தேவையா என்றும் யோசிக்கலாம். உங்கள் காருக்கு அதிகபட்சம் போகக்கூடியது அந்தக் காரின் விலை. அடுத்தவர் முதுகெலும்புக்கு அப்படி ஒரு விலை இல்லை.

வீடு வாங்கி, பிள்ளைகள் ஓட்டத் தொடங்கும் காலத்தில் அம்ப்ரெல்லா பாலிசி பற்றிக் கேளுங்கள். கார், வீடு இரண்டின் லயபிலிட்டிக்கும் மேலே பத்து லட்சம் டாலரிலிருந்து தொடங்கும் ஒரு கூரை அது. கீழே 250/500/100 போல ஒரு அடித்தளம் இருந்தால்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

ஐந்தாவது: எதிராளியிடம் இன்சூரன்ஸ் போதவில்லை என்றால்?

இதை லயபிலிட்டியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ரோட்டில் உங்களைச் சுற்றி ஓடும் கார்களில் பல, நீங்கள் இப்போது மறுத்த அதே குறைந்தபட்ச பாலிசியோடு ஓடுகின்றன. சிலவற்றில் அதுவும் இல்லை. அவர்கள் உங்கள் குடும்பத்தை இடித்தால்? அதற்குத்தான் அன்இன்ஷூர்ட் மற்றும் அண்டர்இன்ஷூர்ட் மோட்டரிஸ்ட் கவரேஜ், சுருக்கமாக யுஎம், யுஐஎம். உங்கள் காயத்துக்கு உங்கள் கம்பெனியே கொடுக்கும்.

கலிபோர்னியாவில் இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பத்து வருடம் ஓட்டியவர்களுக்கும் தெரிவதில்லை. எதிராளியின் லிமிட்டைவிட உங்கள் யுஐஎம் லிமிட் அதிகமாக இருந்தால்தான் யுஐஎம் வேலையே செய்யும். அவரிடமிருந்து வந்த தொகையை உங்கள் லிமிட்டிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். அவருக்கும் 30/60, உங்களுக்கும் 30/60 என்றால் அவரிடமிருந்து 30,000 வாங்கியதோடு சரி, உங்கள் கம்பெனியிடமிருந்து ஒன்றும் வராது. உங்களிடம் 100/300 இருந்தால் மேற்கொண்டு 70,000 வரை கிடைக்க வழி உண்டு.

ஆகவே லயபிலிட்டியை உயர்த்தும்போது இந்த வரியையும் அதே எண்ணுக்கு உயர்த்துங்கள். ஆன்லைன் படிவத்தில் "இது வேண்டாம்" என்று கையெழுத்துப் போட ஒரு கட்டம் வரும், பிரீமியமும் கொஞ்சம் குறையும். அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

ஆறாவது: யார் யார் ஓட்டுகிறார்கள்?

எச்-4 விசாவில் வந்த மனைவியோ கணவரோ பர்மிட் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தாலும் கம்பெனியிடம் சொல்லிப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அறைத் தோழர்களும் அப்படியே, உங்கள் காரைத் தொடுகிறார்கள் என்றால். பிரீமியம் குறைய வேண்டும் என்று ஒருவரை "எக்ஸ்க்ளூடட் டிரைவர்" என்று எழுதிவிட்டால், அவர் ஓட்டி விபத்து நடக்கும்போது பாலிசி இல்லாத கார் மாதிரிதான்.

ஊரிலிருந்து வந்த அப்பா, லிவர்மோர் கோயிலுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்பார். சுற்றுலா விசாவில் வந்தவர் செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸோடு கலிபோர்னியாவில் ஓட்டலாம். உங்கள் அனுமதியோடு எப்போதாவது ஓட்டுபவரை பொதுவாகப் பாலிசி ஏற்கும். ஆனால் சில மலிவான பாலிசிகளில், பெயர் சேர்க்காத ஒருவர் ஓட்டினால் உங்கள் 100/300/100 அப்படியே இறங்கி மாநிலக் குறைந்தபட்சத்தில் வந்து நிற்கும் என்று ஒரு ஷரத்து இருக்கும். போன் செய்து இதே கேள்வியைக் கேளுங்கள்: "பெயரில் இல்லாத ஒருவர் என் அனுமதியோடு ஓட்டினால் அதே லிமிட் கிடைக்குமா?" பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஆறு மாதம் தங்கி அடிக்கடி ஓட்டுவார் என்றால் அவர் பெயரைச் சேர்ப்பதே சரி.

சொந்தக் கார் வருவதற்கு முன் வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் பாதுகாப்பு அந்தக் காரின் சேதத்துக்குத்தான். நீங்கள் இடித்த ஆளுக்கு அதில் ஒன்றும் இல்லை. கவுன்டரில் சப்ளிமென்டல் லயபிலிட்டி என்று தனியாக விற்பார்கள். சொந்த பாலிசி எதுவும் இல்லாத நிலையில் நான் அதை வாங்கச் சொல்வேன்.

இடித்துவிட்டால்

"போலீஸ், இன்சூரன்ஸ் எதுக்கு, 500 டாலர் கொடுத்து முடிச்சுக்கலாம்" என்ற ஊர்ப் பழக்கம் இங்கே ஆபத்து. பணம் வாங்கிக்கொண்டு போனவர் பிறகு கழுத்துவலி என்று வந்தால், சொல்லாமல் மறைத்ததைக் காட்டியே கம்பெனி கைவிரிக்க இடம் உண்டு. படம் எடுங்கள், லைசென்ஸ், இன்சூரன்ஸ் விவரங்களை மாற்றிக்கொள்ளுங்கள், அன்றே கம்பெனியிடம் சொல்லுங்கள். யாருக்காவது சிறு காயமாவது பட்டிருந்தாலோ, சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, யார் மேல் தவறு இருந்தாலும், பத்து நாளுக்குள் எஸ்ஆர்-1 என்ற விபத்து அறிக்கைப் படிவத்தை டிஎம்வியில் (லைசென்ஸும் வாகனப் பதிவும் கொடுக்கும் மாநில அலுவலகம்) கொடுக்க வேண்டும். போலீஸ் ரிப்போர்ட் எழுதியிருந்தாலும் இது தனி.

பிரீமியம் கட்ட மறந்து பாலிசி ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் ஆட்டோபே போட்டுவிடுங்கள். 1996-ல் வாக்கெடுப்பில் நிறைவேறிய ப்ரொபசிஷன் 213-இன்படி, இன்சூரன்ஸ் இல்லாத காரை ஓட்டும்போது அடுத்தவர் தவறால் அடிபட்டாலும், வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்குப் போய்விடும். மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் மட்டும்தான் கேட்க முடியும்.

லிமிட்டை மாற்றச் சொன்ன பிறகு புது டெக் பேஜ் வரும். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது, வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டுக்கும் எண் மாறியிருக்கிறதா, யுஎம் வரியும் கூடவே ஏறியிருக்கிறதா. ஒன்று மாறி ஒன்று மாறாமல் வருவதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் அன்றே கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.